முதல் கேட்பு

இரண்டாவது பாட்டு முடிந்துவிட்டது என்று வில்வநாதன் நினைத்தான். அவன் மனைவி அகிலாவின் கால் கட்டைவிரல் அப்படி நினைக்கவில்லை. வயலின் இழுத்துக்கொண்டே போய் நின்றது, பாடிய பெண்ணின் குரலும் நின்றது, கூடத்தில் சத்தமே இல்லை, எதிர்வீட்டுக் குக்கர் மட்டும் ஒரு விசில் விட்டு அடங்கியது. சரி, அடுத்தது என்று அவன் சோபாவில் நிமிர்ந்து உட்காரப் போனான். அப்போதுதான் அதைப் பார்த்தான். கீழே பாயில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த அகிலா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மேலே தூக்கி நின்றது. நின்றது, இன்னும் நின்றது, பிறகு இறங்கியது. அது இறங்கிய அதே நொடியில் மேளம் தடாலென்று விழுந்து பாட்டு மறுபடி பிடித்துக்கொண்டது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வரவேண்டிய பஸ் வந்துவிட்டது என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினாள். வில்வநாதன் அந்த விரலையே பார்த்தான். மருதாணி பாதி அழிந்த நகம், மெட்டி போட்டுப் போட்டுத் தேய்ந்த பக்கத்து விரல், கால் நூற்றாண்டாகத் தெரிந்த கால். இந்தக் கால் எப்படி முந்திக்கொண்டது? ஒரு பாட்டு எங்கே நின்று எங்கே திரும்பி வரும் என்று அதை முன்பே கேட்டவருக்குத்தானே தெரியும். ஒரு தடவை கேட்டால்கூடப் போதாதே, இவ்வளவு சரியாக இறங்குவதற்கு நாலைந்து தடவையாவது கேட்டிருக்க வேண்டுமே. 

அந்த வீட்டில் வருஷத்துக்கு எண் கிடையாது. இதைக் கேட்டால் சிரிப்பீர்கள், அவர்கள் மகள் இனியாவே சிரிப்பாள், பெங்களூரிலிருந்து போன் பண்ணி "அவார்டு ஃபங்ஷன் முடிஞ்சுதா" என்று கிண்டல் பண்ணுவாள். ஆனால் அதுதான் நிஜம். இனியா பிறந்தது வயலின் வருஷம். உறையூரில் இந்த ஃபிளாட் வாங்கியது விசில் வருஷம். வில்வநாதனின் அப்பா தவறியது தவில் வருஷம். ஒவ்வொரு டிசம்பரிலும் கடைசி ஞாயிறு மத்தியானம் இருவரும் உட்கார்ந்து, அந்த வருஷம் கேட்டதில் எது உசத்தி என்று மல்லுக்கட்டி ஒரே ஒரு ஆல்பத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன்பிறகு அந்த வருஷத்துக்கு அதுதான் பேர். உட்காரும்போது ஃபேன் கூடாது, ஃபிரிட்ஜ் கூடாது, வாசல் பெல்லின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். பாட்டு ஓடுகிற போனைத் தவிர மற்ற போன் அரிசி டப்பாவுக்குள் போய்விடும். பாட்டு ஓடும்போது பேச்சு கிடையாது, பேசுவதெல்லாம் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில். இதெல்லாம் உப விதிகள். தலையாய விதி ஒன்றுதான்: ஒரு ஆல்பத்தை முதல் தடவை கேட்கும்போது இருவரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு சண்டையைத் தீர்க்கப் போட்ட விதி, சண்டை மறந்துவிட்டது, விதி நின்றுவிட்டது. அதற்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? டீக்கடையில் புதுப்படப் பாட்டு வந்தால் வில்வநாதன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே ஓடுவான். துறையூரில் அகிலாவின் சித்தி மகள் கல்யாணத்தில் மெல்லிசைக் குழு புதுப்பாட்டை எடுத்தபோது இருவரும் பாயசம் வருவதற்குள் பந்தியிலிருந்து எழுந்து காதைப் பொத்திக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போய், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சித்தி வீட்டார் இன்றுவரை அதற்குக் காரணம் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட விதி. அப்படிப்பட்ட அகிலா. இன்றைக்குச் சாப்பாடு முடிந்து, அவன் ஆடியிலிருந்தே மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருந்த அந்தப் படத்து ஆல்பத்தைச் சொல்லி, "அப்ப இதுதானே" என்றபோது, "இருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் கேட்டுடுவோம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவனும் சாதாரணமாகத்தான் சரி என்றான்.

மூன்றாவது பாட்டில் வார்த்தையே இல்லை, வெறும் முனகல், அதன் அடியில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம். நல்ல பாட்டா, கெட்ட பாட்டா, அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைகிறதா? அசையவில்லை. அசையாமல் இறுக்கி வைத்திருக்கிறாள், அதுவே சந்தேகம். யாரோடு கேட்டிருப்பாள்? தனியாக என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷமும் இரண்டு பேர் காதாகவே பாட்டுக் கேட்டுப் பழகிய மனுஷனுக்கு ஒற்றை ஆள் காது என்பது கணக்கிலேயே வராது. இவள் பக்கத்தில் அவன் இல்லை என்றால் வேறு யாரோ இருந்திருக்க வேண்டும். கல்லூரி பஸ். அகிலா முசிறிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறாள், காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் காவிரிக் கரையோரமாகப் பஸ். பஸ்ஸில் யார்? லூர்துராஜ். அந்தப் பெயர் தானாக வந்து விழுந்ததில் அவனுக்கே கொஞ்சம் ஆச்சரியம், ஆனால் விழுந்தபின் எடுக்க முடியவில்லை. ஜூனில் புதிதாகச் சேர்ந்த கணக்கு வாத்தியார். "புதுசா ஒருத்தர் வந்திருக்காரு, பக்கத்து சீட்டு, எந்நேரமும் காதுல எதையாவது மாட்டிக்கிட்டே வர்றாரு" என்று அகிலாதான் சொன்னாள், புளி கரைத்துக்கொண்டே சொன்னாள், அன்றைக்கு அவன் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் மழைக்குக் குடை கொண்டுபோய் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றபோது பார்த்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு ஒல்லியான ஆள் காதிலிருந்து வெள்ளையாக ஒரு பொட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அகிலாவிடம் என்னமோ சொல்ல, அவள் சிரித்தாள். இவ்வளவுதான். அன்றைக்கு இது ஒன்றுமே இல்லை. இன்றைக்கு அந்த உள்ளங்கையில் இருந்த வெள்ளைப் பொட்டு ஆளை விட்டேனா பார் என்கிறது. இப்போதெல்லாம் அந்த இயர்பட்டுக்கு வயர்கூடக் கிடையாது. ஒன்று அவன் காதில், இன்னொன்று இவள் காதில். நடுவில் எதுவுமே தெரியாது, பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்குக்கூடத் தெரியாது, இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு குணசீலம் தாண்டி வாழைத்தோப்பெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டு போகலாம். வயர் இருந்த காலத்தில் உலகத்தில் கொஞ்சம் ஒழுக்கம் இருந்தது என்று வில்வநாதன் நினைத்தான்.

பாட்டு முடிந்தது. இந்தத் தடவை நிஜமாகவே முடிந்தது, அவன் அவள் விரலைப் பார்த்து உறுதி செய்துகொண்டான். "எப்படி?" என்றாள். "ம்" என்றான். "ம்னா?" "கேட்டுக்கிட்டிருக்கேன்ல." தன் குரல் இவ்வளவு கட்டையாக வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல, "யார் பாடுறது?" என்றான். "ஒரு பொண்ணு. தூத்துக்குடிப் பக்கமாம். அதுவே எழுதி அதுவே பாடியிருக்கு. அந்தத் தண்ணி சத்தமெல்லாம் அவங்க வீட்டுக் குழாயாம்." "உனக்கு எப்படித் தெரியும்?" "போன்ல பாட்டுக்குக் கீழ போட்டிருக்குல்ல." கீழே போட்டிருக்கிறதாம். வீட்டுக் குழாய்வரைக்கும் கீழே போட்டிருப்பார்களா? யாரோ ஒருத்தன் சொல்லியிருக்கிறான், இந்தப் பொண்ணு இருக்கே மேடம், இது தூத்துக்குடி மேடம், அந்தத் தண்ணி சத்தம் கேளுங்க மேடம் என்று பஸ் சத்தத்துக்கு மேலே காதுக்குள் சொல்லியிருக்கிறான். நாலாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது, பேசக்கூடாது, அவனே போட்ட விதி.

அவள் லூர்துராஜோடு சினிமாவுக்குப் போயிருந்தால் வில்வநாதன் இவ்வளவு கலங்கியிருப்பானா? இதை அவன் நாலாவது பாட்டு முழுக்க நேர்மையாக யோசித்தான். காபி குடித்திருந்தால்? குடிக்கட்டும். மலைக்கோட்டை ஏறியிருந்தால்? ஏறட்டும், முட்டிதான் வலிக்கும். ஆனால் முதல் கேட்பு. ஒரு பாட்டு உங்களுக்குத் தெரியாமல் இருக்கிற கடைசி நிமிஷமும் தெரிந்துவிடுகிற முதல் நிமிஷமும் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த இடம். அது ஒரே ஒரு தடவைதான். இரண்டாவது தடவை கேட்கும்போது நீங்கள் வேறு ஆள். அந்த இடத்தில் அகிலாவின் முகம் எப்படி இருக்கும் என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், தெரிந்திருந்தது. புருவம் லேசாக ஏறும். கழுத்தில் ஒரு நரம்பு எழும். வாய் கொஞ்சம் திறந்து, கீழ்வரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பல் தெரியும். இப்போது அது ஒரு கணக்கு வாத்தியாருக்கும் தெரியும். அவனுக்கு அதைப் பார்த்து என்ன செய்யத் தெரியும்? பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போயிருப்பான். வயிறு எரிந்தது. எரிகிறது என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள், அவனுக்கு நிஜமாகவே தொப்புளுக்கு மேலே ஒரு இடத்தில் சுட்டது. தண்ணீர் குடிக்கலாம் என்றால் எழுந்திருக்கக் கூடாது. மார்கழி வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து பாயில் விழுந்து அவள் பாதம்வரை ஏறியிருந்தது. அழகாகத்தான் இருந்தாள். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, காதோரம் நரை, கண்ணாடியைக் கழற்றிய இடத்தில் மூக்கில் இரண்டு தடம். இவள் அழகு என்று வேறு யாருக்கும் தோன்றக்கூடும் என்பது அவனுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

இங்கே வில்வநாதனைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும், அவனே தன்னிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அவன் வேலை பார்க்கிற டிராக்டர் ஷோரூமில் அவனுக்குப் பெரிய பேர். மேலாளர் என்பதற்காக இல்லை, காதுக்காக. "வில்வா சார் காது பொய் சொல்லாது" என்பார்கள். சார் நல்லாருக்கு என்று சொன்ன பாட்டு ஆறு மாசம் கழித்து ஊரெல்லாம் ஓடும். சார் உதட்டைப் பிதுக்கினால் அது பெட்டிக்குள் போய்விடும். டிராக்டர் வாங்க வருகிற லால்குடிக்காரர்கள்கூட வட்டி விகிதம் கேட்டுவிட்டு இந்தப் படத்துப் பாட்டு எப்படிங்க என்று கேட்பார்கள். இந்தக் காது எங்கே இருக்கிறது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அது அகிலாவின் இடது கையில் இருக்கிறது. முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, பூனைமயிர் படர்ந்த ஒரு உள்ளங்கை அளவு இடம். நல்ல பாட்டு வரும்போது அந்த மயிர் எழும்பும். முதல் தடவைதான் எழும்பும். அதற்காகத்தான் அவன் எப்போதும் சோபாவில் அவளுக்கு இடதுபக்கம் மேலே உட்காருவது, அவள் கீழே பாயில் உட்காருவது. வருஷக்கணக்காக இதுதான் இடம். எழும்பினால் நல்ல பாட்டு. எழும்பி, தொண்டையில் ஒரு விழுங்கல் சேர்ந்தால் வருஷத்தின் பாட்டு. ஆடியில் கேட்ட படத்தில் மூன்றாவது பாட்டில் நாதஸ்வரம் உள்ளே வந்தபோது அந்தக் கை முழுக்கச் சிலிர்த்தது, அப்போதே அவன் இந்த வருஷத்துக்குப் பேர் வைத்துவிட்டான். இதை அவன் தப்பு என்று நினைத்ததே இல்லை. அன்பு என்றுதான் நினைத்திருந்தான். ஊரில் எத்தனை புருஷன் பெண்டாட்டி கையை இப்படிப் பார்க்கிறான்? அவளுக்குப் பிடித்தது அவனுக்குப் பிடிக்கும், அதற்கு மேல் ரசனை என்று ஒன்று தனியாக என்ன வேண்டிக்கிடக்கிறது.

இப்போது அந்தக் கை மடியில் கிடந்தது. ஐந்தாவது பாட்டு, உறுமி அதிர்ந்துகொண்டிருந்தது, கை ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? அது சொல்லவேண்டியதைப் பஸ்ஸிலேயே சொல்லி முடித்துவிட்டது. அவன் சட்டென்று ஒரு பயத்தை உணர்ந்தான், பொறாமைக்கு அடியில் இருந்த பயம், பொறாமையைவிடக் குளிர்ந்தது. இந்த ஆல்பம் நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. உறுமி அடிக்கிறார்கள், சரி. குரல் கொஞ்சம் பிசிறு, அது வேண்டுமென்றே விட்டதா, தெரியாமல் வந்ததா? பிசிறு அழகா? அவன் கண்ணை மூடிப் பார்த்தான். கண்ணை மூடினால் லூர்துராஜ் வந்தான். கண்ணைத் திறந்தால் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே பல்லி. நாளைக்கு ஷோரூமில் கேட்பார்கள், "சார், வருஷத்தோட ஆல்பம் எது சார்" என்று கேட்பார்கள், வருஷாவருஷம் கேட்பார்கள். கேட்டால் அந்தப் படத்தையே சொல்லிவிடலாம். சொல்லலாம், ஆனால் இவள் இதைத்தான் சொல்வாள், இவள் முகமே சொல்கிறது, அப்புறம் இந்த வருஷத்துக்கு இந்தப் பெயர்தான், சாகிறவரைக்கும் இந்த வருஷத்தைச் சொல்லும்போதெல்லாம் ஒரு முசிறி பஸ்ஸைச் சொன்னதாகத்தான் ஆகும். முடியாது. விடவே மாட்டேன். உறுமி ரொம்ப நீளம் என்று சொல்லலாம். குழாய்ச் சத்தம் என்ன சங்கீதமா, எங்கள் வீட்டுக் குழாய்கூடத்தான் ஒழுகுகிறது என்று சொல்லலாம். வாளிப் பாட்டு என்று ஒரு பேர் வைத்துக் கேலி பண்ணிக் காலி பண்ணிவிடலாம். அவன் மனசுக்குள் குற்றங்களை வரிசை கட்டி நிறுத்திக்கொண்டிருந்தபோது ஆறாவது பாட்டு தொடங்கியிருந்தது, வெறும் குரல், கூட எதுவும் இல்லை, அந்தப் பெண் ஏதோ மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது பாடியது மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு பாடினாள். அகிலாவின் கையில் மயிர் எழுந்தது.

அவன் குனிந்தே பார்த்துவிட்டான். எழுந்துதான் இருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை எழுந்து, வெயில் பட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தொண்டையில் அந்த விழுங்கல். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இது எப்படி முடியும்? முன்பே கேட்ட பாட்டுக்கு இந்தக் கை எழும்பியதே இல்லையே. வயலின் வருஷத்தை அவன் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறான், நடுராத்திரி குழந்தை தூங்கியபிறகு போட்டுப் பார்த்திருக்கிறான், இரண்டாவது தடவைக்கு அது அசைந்ததே இல்லை. அவனோடு கேட்டதெல்லாம் ஒரு தடவைச் சரக்கு. இது மட்டும் எத்தனை தடவையும் எழுப்புகிறது. அப்படியானால் எழுப்புவது பாட்டு இல்லை. பாட்டைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தது எதுவோ அது. அவ்வளவுதான், இதற்குமேல் சாட்சி வேண்டாம். லூர்துராஜ் ஒல்லியாக இருந்தான், கன்னம் ஒட்டி, பேண்ட் இடுப்பில் நிற்காமல், சாப்பாட்டுக்கே வழியில்லாதவன் மாதிரி. அவன் காதில் மயிர் இருந்ததா? ஞாபகம் இல்லை. வில்வநாதன் தன் காதைத் தொட்டுப் பார்த்தான். இருந்தது. ஏழாவது பாட்டும் எட்டாவது பாட்டும் எப்படி வந்து எப்படிப் போயின என்று அவனுக்குத் தெரியாது. அகிலா எழுந்து ஃபேனைப் போட்டபோதுதான் எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. ஃபேன் டக் டக் என்று சுற்ற ஆரம்பித்தது.

"சொல்லுங்க" என்றாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பாயில் உட்கார்ந்தாள், முகம் பளிச்சென்று இருந்தது. உறுமி நீளம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "இதை நீ ஏற்கெனவே கேட்டிருக்க" என்று வந்தது. அவள் இல்லை என்று சொல்வாள், அவன் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும், அவள் கோபப்படுவாள், என்று அவன் அதற்குள் நாலு அடி முன்னால் போயிருந்தான். "ஆமா" என்றாள். "ஆமாவா?" "ஆமாங்க. கேட்டேன். ரெண்டு மாசமாக் கேக்குறேன்." ரெண்டு மாசம். தீபாவளிக்கு முந்தியே. தீபாவளிக்கு அவன் எடுத்துக் கொடுத்த அந்த மயில்கழுத்து நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு இதைக் கேட்டிருக்கிறாள். "யாரோட?" என்றான். "யாரோடன்னா?" "யாரோட கேட்டேன்னுதான் கேக்குறேன். தெரியாத மாதிரி கேக்காத அகிலா. அந்த லூர்துராஜ்தானே. பஸ்ல." அவள் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "அவரா? அவரு காதுல மாட்டிக்கிட்டுப் பங்குச்சந்தை கேக்குறாருங்க. அன்னிக்குக் குடை கொண்டாந்தீங்கல்ல, அப்பக்கூட என்னமோ ஷேர் ஏறிடுச்சுன்னு சொன்னாரு. பாட்டுன்னா அவருக்கு வேப்பங்காய். சாமி பாட்டுகூடக் கேக்க மாட்டாராம்." "பின்ன யாரு?" "யாரும் இல்லை."

"யாரும் இல்லைன்னா?" "நான் மட்டும்தான். மாடியில துணி காயப்போடும்போது கேட்டேன். நீங்க வர்றதுக்குள்ள ஒருக்கா கேட்டுருவேன். அப்புறம் பஸ்ல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு." அவள் சிரிப்பு போய்விட்டிருந்தது. பாயின் கோரையை நகத்தால் நெருடினாள். "விதியை மீறிட்டேன்தான். சொல்லிடணும்னுதான் இன்னிக்குப் போட்டேன். கோவிச்சுக்காதீங்க." "ஏன்?" என்றான். அந்த ஏன் அவனுக்கே கேட்காத அளவுக்கு வந்தது. "ஏன்னா..." அவள் அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். "நீங்க என் கையைப் பாக்குறீங்க." ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இனியா பொறக்கறதுக்கு முந்தியே தெரியும். மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம், பாட்டு வந்தா பாட்டுல மனசு நிக்க மாட்டேங்குது. கை சிலிர்க்குமா, சிலிர்க்காதா, அதுலயே நிக்குது. நல்ல பாட்டா இருக்கும், சிலிர்க்காது, உங்க மூஞ்சி விழுந்துடும். சிலிர்த்துடு சிலிர்த்துடுன்னு என் கைகிட்ட நானே கெஞ்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்புறம் எங்க பாட்டுக் கேக்கறது." அவன் ஏதோ சொல்ல வந்தான். "இருங்க, சொல்லிடுறேன். ஒரே ஒரு தடவை, யாரும் என்னைப் பாக்காம ஒரு பாட்டைக் கேட்டா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு இருந்துச்சு. கேட்டேன். அழுதுட்டேங்க. மாடியில, ஈரத் துணியைப் புடிச்சுக்கிட்டு, நல்லா அழுதேன். எதுக்குன்னே தெரியலை. அவ்வளவு நல்லா இருந்துச்சு."

வில்வநாதனுக்கு, அது லூர்துராஜாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. லூர்துராஜாக இருந்திருந்தால் கத்தியிருக்கலாம், பேருந்து நிலையத்தில் போய் நின்று சட்டையைப் பிடித்திருக்கலாம், சாப்பிடாமல் படுத்திருக்கலாம், அவள் வந்து கெஞ்சியிருப்பாள், அவன் மன்னித்திருப்பான். அகிலாவின்மீது அகிலாவுக்கு இருக்கிற பிரியத்தோடு எப்படிச் சண்டை போடுவது? மாடிக்குப் போய் யார் சட்டையைப் பிடிப்பது? அந்த மாடியில், கொடியில் தொங்குகிற அவனுடைய பனியனுக்கும் வேட்டிக்கும் நடுவில், அவன் இல்லாமல், அவனைப்பற்றி நினைக்கக்கூட நினைக்காமல் அவள் நின்று அழுத அந்தக் கால் மணி நேரத்தின்மீது அவனுக்கு வந்த பொறாமை எந்த ஆள்மீதும் அவனுக்கு வந்ததில்லை. அவனோடு அவள் அப்படி அழுததில்லை. கண் கலங்கியிருக்கிறாள், அவன் பார்க்கிறான் என்று தெரிந்து கலங்கியிருக்கிறாள். "இப்ப இதுதான் இந்த வருஷமா?" என்றான். சின்னப்பிள்ளை மாதிரி ஒலித்தது. "அதைத்தான் நீங்க சொல்லணும்" என்றாள். "உனக்குப் பிடிச்சிருக்குல்ல." "எனக்குப் பிடிச்சது இருக்கட்டுங்க. வருஷா வருஷம் எனக்குப் பிடிச்சதுதானே ஜெயிக்குது. உங்களுக்கு என்ன பிடிக்கும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. உங்களுக்காவது தெரியுமா?" கோபமாகச் சொல்லவில்லை. டாக்டர் கேட்பதுபோல அக்கறையாகக் கேட்டாள், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அவள் எழுந்தாள். ஃபேனை மறுபடி அணைத்தாள். போனை எடுத்து ஆல்பத்தை முதலிலிருந்து வைத்தாள். "நான் உள்ள போறேன். நீங்க தனியாக் கேளுங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க, நல்லா இல்லைன்னாலும் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." அவன் தலையில் லேசாகக் கைவைத்துவிட்டு, அரிசி டப்பாவிலிருந்து மற்ற போனை எடுத்துக்கொண்டு போனாள். படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் போடவில்லை. முதல் பாட்டு ஆரம்பித்தது. வில்வநாதன் பார்க்க ஏதாவது தேடினான். பாயில் அவள் உட்கார்ந்திருந்த இடம் கொஞ்சம் குழிந்திருந்தது. வெயில் நகர்ந்து சுவருக்குப் போயிருந்தது. பல்லி இல்லை. அவன் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான், கடிகாரப் பட்டை, டிராக்டர் ரேடியேட்டரில் சுட்டுக்கொண்ட பழைய தழும்பு, மயிர் எல்லாம் இருந்தபடி இருந்தது. அவன் கேட்டான். முயற்சி பண்ணிக் கேட்டான், பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான். அந்தப் பெண் யாரையோ வரச்சொன்னாள், பிறகு வரவேண்டாம் என்றாள். நெஞ்சில் எங்கேயோ ஒன்று அசைந்தது. அசைந்தது மாதிரி இருந்தது. அது பாட்டா, வயிற்றெரிச்சலா, இல்லை அவள் தலையில் வைத்த கையின் கனமா என்று அவனுக்குப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. கேட்க ஆள் வேண்டும் போலிருந்தது. பாட்டு முடியும்வரைகூட அவனால் உட்கார முடியவில்லை. எழுந்து, சத்தம் வராமல் நடந்து, படுக்கையறைக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றான். "அகிலா" என்றான்.  "அகிலா, இது நல்லாருக்குல்ல?" பதில் இல்லை. தூங்கிவிட்டாளா? காதில் மாட்டிக்கொண்டு அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாளா? வேறு எதையாவது கேட்டுக்கொண்டிருக்கிறாளா, அவனிடம் சொல்லாத இன்னொன்றை? முதுகுக்குப் பின்னால் கூடத்தில் அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது. வில்வநாதன் கதவில் காதை அழுத்தி வைத்துக்கொண்டு, உள்ளே அவள் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.